அத்தியாயம் 4: ஓர் அங்குலத்தில் ஓர் அடி
வெட்டுத்துணி, காலண்டர் அட்டை, நூல் கோன் கொண்டு பொம்மை வீட்டுச் சாமான்கள்

திண்டுக்கல்லில் பொம்மை வீட்டுச் சாமான் செய்ய உட்காருகிறவருக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. நத்தத்தில் ரெடிமேட் சட்டை தைக்கிறார்கள். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை தயாராகிறது. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் ஓடுகின்றன. சிறுமலையிலிருந்து வாழை இறங்குகிறது. பூ மார்க்கெட்டில் வாழைநார் புரள்கிறது. இத்தனை தொழிலும் தினம் தினம் ஏதோ ஒன்றை வெட்டி, மிச்சத்தைக் கீழே தள்ளுகின்றன. நமக்கு வேண்டியது அந்த மிச்சம்தான்.

ஆனால் கிடைத்ததையெல்லாம் ஒட்டினால் சாமான் ஆகாது. சிறிய கட்டில் நிஜக் கட்டிலாகத் தெரிவதற்கும் வெறும் அட்டைத் துண்டாகத் தெரிவதற்கும் வித்தியாசம் கைத்திறனில் கொஞ்சம், அளவில் அதிகம். எந்தத் துணியை எடுப்பது, எதை ஒதுக்குவது என்று தீர்மானிப்பதும் அளவுதான். அதனால் இந்த அத்தியாயம் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது.

1. அளவெடுத்தல்

உலகம் முழுவதும் பொம்மை வீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் பின்பற்றும் அளவு பன்னிரண்டில் ஒன்று. டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், அதே காலகட்டத்தில் இங்கிலாந்து ராணி மேரிக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். 1924இல் முடிந்த அந்த வீடு இன்றும் விண்ட்சர் கோட்டையில் பார்வைக்கு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும் அந்த வீட்டுக்கும் இதே அளவுதான்.

நமக்கு இதில் பெரிய வசதி உண்டு. தச்சரும் டெய்லரும் இன்னமும் அடி, அங்குலக் கணக்கில்தான் பேசுகிறார்கள். நிஜத்தில் ஓர் அடி என்றால் பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். டெய்லர் டேப் ஒன்று போதும், கணக்கே வேண்டாம். வீட்டுக் கட்டில் ஆறடி நீளமா? பொம்மைக் கட்டில் ஆறு அங்குலம்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்யத் தொடங்காதீர்கள். அங்கே இருக்கும் கணப்பு அடுப்பும் நான்கு தூண் கட்டிலும் நம் வீட்டில் இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டையே ஒரு சுற்று அளந்து நோட்டில் எழுதுங்கள். பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் இவை (எல்லாம் அங்குலத்தில், பொம்மை வீட்டுக்கு):

- கயிற்றுக் கட்டில்: நீளம் 6, அகலம் 3, உயரம் 1½
- நாற்காலி உட்காரும் உயரம்: 1½
- மேசை உயரம்: 2½
- ஸ்டீல் பீரோ: உயரம் 6½, அகலம் 3, ஆழம் 1½
- தலையணை: 2 × 1⅓
- மெத்தை கனம்: ⅓
- ஊஞ்சல் பலகை: 5 × 1¾
- அறையின் உயரம்: 10

பொம்மையும் இந்த அளவுக்குப் பொருந்த வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு ஐந்தரை அங்குலப் பொம்மை. கொலுப் பெட்டியில் மரப்பாச்சி ஜோடி இருந்தால் அளந்து பாருங்கள். ஐந்து, ஐந்தரை அங்குல ஜோடி என்றால் வீட்டுக்காரர்கள் தயார். அதைவிடச் சிறியது என்றால் குழந்தைகளாக வைத்துக்கொள்ளலாம். கொலுவில் படிக்குக் கீழே பூங்காவும் தெருவும் அமைப்பவர்கள் யானையைவிடப் பெரிய செட்டியாரை வைத்தாலும் யாரும் கேட்பதில்லை; அங்கே அது அழகு. அறைக்குள் சாமான் போட்டுக் காட்டும்போது அப்படி விட முடியாது. கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும் பொம்மை உடனே கண்ணில் படும்.

2. துணி சுருங்காது

மரத்தையும் அட்டையையும் சிறிதாக வெட்டலாம். துணியின் நீள அகலத்தைத்தான் சிறிதாக்க முடியும். நூலின் கனமும், மேலே உள்ள பூவும், துணி தொங்கும் விதமும் அப்படியே இருக்கும். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

*நூலின் கனம்.* நூற்பாலையில் வேலை பார்த்தவர் யாரும் உங்கள் வீட்டில் இருந்தால் ‘நூல் நம்பர்’ என்ன என்று அவருக்குத் தெரியும். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் நூலின் விட்டம் சுமார் 0.14 மில்லிமீட்டர். பொம்மை வீட்டுக்குள் அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 1.7 மில்லிமீட்டர். பொம்மையின் கண்ணுக்கு அது சணல் கயிறு. நூறாம் நம்பர் நூல் என்றால் 1.1 மில்லிமீட்டர், அது பரவாயில்லை. ஆகவே போர்வை, தலையணை உறை, திரைச்சீலை, தூளி எல்லாவற்றுக்கும் எண்பது, நூறு நம்பர் வேட்டியின் பழைய துண்டை எடுங்கள். துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டி புது வேட்டியைவிட மேல். கடைப் புதுத்துணியில் கஞ்சி இருக்கும், அலசாமல் தொடாதீர்கள்.

கனமான துணிக்கும் இடம் உண்டு. காந்திகிராமத்துக் கதர் மாதிரி கையால் நூற்ற நூலில் நெய்த துணியைப் போர்வையாக்கினால் கோணிப்பை போட்டதாகத் தெரியும். அதையே தரையில் விரித்தால் நல்ல ஜமுக்காளம்.

*பூவும் கோடும்.* நைட்டித் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோஜா இருக்கும். அதைச் சோபாவுக்குப் போட்டால் பாதி இதழ்தான் சோபாவில் விழும். விரல் நுனியால் மூடினால் மறைந்துவிடும் பூவை மட்டும் எடுங்கள். இங்கேதான் சின்னாளப்பட்டி நமக்குக் கைகொடுக்கிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியிலுள்ள சின்னாளப்பட்டியிலும் சுங்குடி பல காலமாக நடக்கிற தொழில். துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். இந்தப் புள்ளிகளில் சிறியவை மூன்று மில்லிமீட்டர் அளவில் வரும். பன்னிரண்டால் பெருக்கினால் ஒன்றரை அங்குலம். நிஜ மெத்தை விரிப்பில் இருக்கும் புள்ளியின் அளவு அதுதான். கிழிந்த சுங்குடிச் சேலை ஒன்று கிடைத்தால் ஒரு வீட்டுக்கு வேண்டிய விரிப்பெல்லாம் முடிந்தது. மெழுகு அச்சில் போட்ட புள்ளியும் வேலைக்கு ஆகும்.

கோடு போட்ட சட்டைத் துணிக்கும் இதே கணக்கு. மூன்று மில்லிமீட்டர்க் கோடு ஜமுக்காளத்துக்குப் பொருந்தும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கோடு மெத்தை உறைக்கு.

*தொங்கல்.* சன்னலுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டினால் அது கீழே விழாமல் குடை விரித்தபடி நிற்கும். தையலில் குறையில்லை. நிஜத் திரைச்சீலையைக் கீழே இழுப்பது அதன் எடை. துண்டு சிறிதாகும்போது எடை வெகுவாகக் குறைகிறது, விறைப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் மடிப்பை நாம்தான் உருவாக்கிக் காய வைக்க வேண்டும். அதற்குச் சோற்றுக் கஞ்சி போதும். செய்முறை ஐந்தாம் பகுதியில்.

3. எங்கே என்ன கிடைக்கும்

*டெய்லர் கடை.* “அண்ணே, வெட்டுத்துணி இருந்தா ஒரு பை தாங்க” என்று கேட்டால் போதும். கடை கூட்டுகிற நேரம், அதாவது இரவு அடைப்பதற்குச் சற்று முன், நல்ல நேரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் மூட்டையாகவே கிடைக்கும். ஆனால் அப்போது அவர்களுக்குப் பேச நேரமிருக்காது. பையைக் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைத் துணி, பிளவுஸ் லைனிங், காலர் கான்வாஸ் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். லைனிங் துணி மெல்லியது என்பதால் உறைகளுக்கு உதவும்.

*புதுச் சட்டைப் பெட்டி.* ரெடிமேட் சட்டையைப் பிரிக்கும்போது முதுகுப்பக்கம் ஓர் அட்டை, காலருக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை, நாலைந்து குண்டூசி வரும். அட்டை பீரோவுக்கு, பிளாஸ்டிக் பட்டை சன்னல் கண்ணாடிக்கு, ஊசி திரைச்சீலைக்கு. எதையும் எறியாதீர்கள்.

*தினசரிக் காலண்டர்.* ஜனவரி பிறந்ததும் பழைய காலண்டரின் அட்டை வீட்டுக்கு வீடு கிடைக்கும். கெட்டியானது, வளையாதது, கத்திக்கு வெட்டுப்படுவது. சோபா, கட்டில், அலமாரிக்கு இதைவிட நல்ல அட்டை விலை கொடுத்தாலும் கிடைப்பது கடினம்.

*நூல் கோன்.* நூற்பாலையிலிருந்து நூல் சுற்றி வரும் காகிதக் கோனின் நூல் தீர்ந்த பிறகு வெறும் கோன் மிஞ்சும். கெட்டியான காகிதக் குழாய். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். வட்டமான எல்லாச் சாமானும் இதிலிருந்து வரும்.

*பூட்டுக் கடை.* 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு அடைத்து வரும் சிறிய அட்டைப் பெட்டிகள் மேசை இழுப்பறைக்கு ஏற்றவை. பட்டறைக் கழிவான பித்தளைத் தகட்டுத் துண்டு கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் விளிம்பு கையைக் கிழிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

*வீட்டுக்குள்ளேயே:* கல்யாணப் பத்திரிகை, காலித் தீப்பெட்டி, பென்சில் கட்டை, ஐஸ் குச்சி, கபாப் குச்சி, தென்னை ஈர்க்கு, அறுந்த கவரிங் சங்கிலி, பழைய பனியன், பூ கட்டி மிஞ்சிய வாழைநார்.

4. கருவியும் பசையும்

துணிக்கு ஒரு கத்தரிக்கோல், அட்டைக்கு ஒரு கத்தி, இரும்பு ஸ்கேல், மெல்லிய ஊசி, குண்டூசி, உப்புத்தாள், துணி காயப்போடும் கிளிப் பத்து. துணிக் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டினால் முனை மழுங்கும், இரண்டையும் கலக்காதீர்கள்.

பசைக்கு ஃபெவிகால் போதும். மைதாப் பசை மலிவுதான், ஆனால் பூச்சி வரும். பத்து நாள் கொலுவுக்கு ஓட்டலாம், வருடக்கணக்கில் வைக்க முடியாது. மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பார்கள். அது விஷம், விளையாட்டுச் சாமானில் கூடாது.

பசையை எப்போதும் அட்டையில் தடவுங்கள், துணியில் தடவாதீர்கள். விரலால் மெல்லிசாக இழுத்து, அரை நிமிடம் விட்டு, பிசுபிசுப்பு வந்த பிறகு துணியைப் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே போட்டால் மெல்லிய துணியில் ஊடுருவி, காய்ந்ததும் மினுமினுக்கும் கறையாக நிற்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் தோல் கட்டிவிடும்; அப்போது ஒரு பக்கம் முடித்துத்தான் மறுபக்கம் தடவ வேண்டும்.

துணி விளிம்பு பிரியாமலிருக்க: வெட்ட வேண்டிய கோட்டின் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிய பிரஷால் ஓட்டி, காய்ந்த பிறகு அந்தக் கோட்டின் நடுவில் வெட்டுங்கள். மடித்துத் தைக்க வேண்டாம். இந்த அளவில் ஒரு மடிப்பு கூடுதலாக வந்தாலும் விளிம்பு தடித்துத் தெரியும்.

5. செய்முறைகள்

*அ. மெத்தையும் தலையணையும்*

முதலில் இதைச் செய்யுங்கள். கை பழகும், தவறினாலும் நஷ்டமில்லை.

1. மெல்லிய கோடு போட்ட துணியில் 6¾ × 3¾ அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்க மூன்று பக்கம் தைத்து, திருப்புங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். கனத்துக்கும் கொஞ்சம் போகும். மெத்தை ஆறுக்கு மூன்றில் வந்து நிற்கும்.
2. பஞ்சை உருட்டித் திணிக்காமல், தட்டையாகப் பிரித்த ஒரே அடுக்கை உள்ளே செலுத்துங்கள். இலவம் பஞ்சு கிடைத்தால் நல்லது. நாலாவது பக்கத்தைத் தைத்து மூடுங்கள்.
3. முக்கால் அங்குல இடைவெளியில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மேலிருந்து கீழ் ஊசி இறக்கி, மீண்டும் மேலே ஏற்றி முடிச்சிடுங்கள். மெத்தைக் கடைக்காரர் போடும் தையல் இதுதான். இது இல்லாவிட்டால் மெத்தை உப்பிக்கொண்டு நிற்கும்.

தலையணைக்கு வெறும் பஞ்சு வைத்தால் பொம்மையின் தலை அதில் அமுங்காது. காரணம், பொம்மைக்கு எடை இல்லை. கழுவி, வறுத்து, நன்றாகச் சலித்த நைஸ் மணலை ஒரு சிட்டிகை பஞ்சோடு சேர்த்து வையுங்கள். விரலால் நடுவில் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அரிசி, ரவை போட வேண்டாம், வண்டு வரும். மணல் வெளியே சிந்தாதபடி தையலை நெருக்கிப் போடுங்கள்.

*ஆ. கயிற்றுக் கட்டில்*

தேவை: பென்சில் கட்டை 4, கபாப் குச்சி 4, கயிறு.

பென்சிலின் கனம் ஏழு மில்லிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் மூன்றேகால் அங்குலம். நாட்டுக் கட்டில் காலுக்குச் சரியான பருமன். மூன்று மில்லிமீட்டர்க் கபாப் குச்சி ஒன்றரை அங்குலச் சட்டமாகும்.

1. பென்சிலை 1¾ அங்குலத்தில் நான்காக அறுத்து, வண்ணம் போகும்வரை உப்புத்தாளில் தேயுங்கள்.
2. குச்சியில் ஆறு அங்குலத்தில் இரண்டும் மூன்று அங்குலத்தில் இரண்டும் வெட்டுங்கள்.
3. ஆறுபட்டைப் பென்சிலில் ஒரு சிக்கல் உண்டு. நெடுஞ்சட்டம் ஒரு பட்டையில் உட்கார்ந்தால், குறுஞ்சட்டம் வர வேண்டிய இடத்தில் பட்டை இருக்காது, முனைதான் இருக்கும். அந்த முனையை மட்டும் தேய்த்துத் தட்டையாக்குங்கள். அப்போதுதான் மூலைமட்டம் சரியாக வரும். உருட்டுப் பென்சில் என்றால் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும்.
4. சட்டங்களைப் பசை வைத்து ஒட்டி, நூலால் பெருக்கல் குறியாக இறுக்கிக் கட்டுங்கள். துளை போடும் கைக்கருவி இருந்தால் துளைத்துச் செருகுவது இன்னும் உறுதி. அதைப் பெரியவர்கள் செய்யட்டும். ஓர் இரவு காயட்டும்.
5. கால்மாட்டிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி, இரு நெடுஞ்சட்டங்களுக்கும் குறுக்கே இரட்டை நூல் ஒன்றை இறுக்கிக் கட்டுங்கள். தலைமாட்டுச் சட்டத்துக்கும் இந்தக் குறுக்கு நூலுக்கும் இடையே நெடுக்காகக் கயிற்றைச் சுற்றி நிரப்புங்கள்.
6. மழுங்கிய ஊசியில் கயிற்றைக் கோத்து, இரண்டு மேலே இரண்டு கீழே என்று குறுக்கே பின்னுங்கள். அடுத்த வரிசையில் ஒன்று தள்ளித் தொடங்கினால் சாய்வுக் கோடு விழும்.
7. மிச்சமிருக்கும் முக்கால் அங்குலத்தில், கால்மாட்டுச் சட்டத்துக்கும் குறுக்கு நூலுக்கும் இடையே கயிறு ஏற்றி இழுங்கள். நிஜக் கட்டிலில் தொய்வு விழுந்தால் இழுத்துக் கட்டும் இடம் இதுவே. இங்கேயும் பின்னல் மொத்தமும் ஒரே இழுப்பில் விறைக்கும்.

கயிறு எது? பொட்டலம் கட்டும் வெள்ளை நூல் போதும். வாழைநார் இன்னும் நன்று. தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கிழித்து, ஈரம் இருக்கும்போதே பின்னுங்கள். காயும்போது தானாகவே இறுகும். நாடாக் கட்டில் வேண்டுமென்றால் மூன்று நான்கு மில்லிமீட்டர் ரிப்பனைப் பின்னலாம்.

*இ. ஒற்றைச் சோபா*

இதில் ஒரே விதி: ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகத் துணி போர்த்தி முடித்த பிறகுதான் பாகங்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டுப் போர்த்தினால் மூலை ஒருபோதும் படியாது.

1. அடிப்பெட்டி: காலண்டர் அட்டையில் நாலுக்கு நாலு அங்குலச் சதுரம். நான்கு பக்கமும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, கத்தியால் பாதி ஆழத்துக்குக் கோடு கீறுங்கள். நான்கு மூலைச் சதுரத்தையும் வெட்டி நீக்கி, பக்கங்களை மடித்தால் இரண்டுக்கு இரண்டு பெட்டி, உயரம் ஒன்று. கவிழ்த்து வையுங்கள்.
2. பின்பலகை: 2 அகலம், 2¾ உயரம்.
3. கைப்பலகை இரண்டு: 2¼ நீளம், 2 உயரம். டிவி, மிக்ஸி வந்த நெளி அட்டையில் இரண்டிரண்டாக ஒட்டினால் தேவையான பருமன் வரும்.
4. பழைய பனியனை இரண்டு மடிப்பாகப் பின்பலகையிலும் கைப்பலகையிலும் ஒட்டுங்கள். பனியன் துணி இழுபடும் என்பதால் வளைவில் சுருக்கம் விழாது. அதன் மேல் சட்டைத் துணியைப் போர்த்தி, பின்புறம் மடித்து ஒட்டுங்கள். மூலையில் துணியைக் குறுக்கே வெட்டினால் தடிப்பு வராது.
5. பெட்டிக்கும் துணி போர்த்தி, பின்பலகையையும் பிறகு கைப்பலகைகளையும் ஒட்டி, கிளிப் போட்டுக் காய விடுங்கள்.
6. பின்பலகையின் பின்புறத்தைத் துணி போர்த்திய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடுங்கள். இணைப்புத் தெரியும் இடங்களில் இரண்டு நூலை முறுக்கி ஓரமாக ஒட்டினால் மறையும்.
7. உட்காரும் திண்டு: இரண்டுக்கு இரண்டில், அரை அங்குலக் கனத்தில், மெத்தை செய்த முறையிலேயே.

மூவர் சோபாவுக்கு அகலத்தை மட்டும் மும்மடங்காக்குங்கள். நடுவில் தொய்யாமலிருக்க, பெட்டிக்குள் இரண்டு அட்டைத் தடுப்பு வையுங்கள்.

*ஈ. கோனிலிருந்து மோடா*

கோனில் விட்டம் ஒன்றரை அங்குலம் வரும் இடத்தைத் தேடிக் குறியிட்டு, அங்கிருந்து ஒன்றேகால் அங்குல உயரத்துக்கு வளையமாக அறுங்கள். ரம்பக் கத்தியால் சுற்றிச் சுற்றி அறுத்தால் நசுங்காது. மேலும் கீழும் அட்டை வட்டம் ஒட்டி, மேல் வட்டத்தில் பஞ்சு வைத்துப் பனியன் துணியால் மூடுங்கள். பக்கவாட்டில் ஈர்க்குத் துண்டுகளை நெருக்கமாக ஒட்டினால் மூங்கில் மோடா. குறுகிய முனையை வெட்டிக் கவிழ்த்தால் விளக்கு மூடி, நிமிர்த்தினால் பூந்தொட்டி.

*உ. பீரோ*

சட்டை அட்டையில் 6½ × 3 × 1½ பெட்டி செய்து, முன்பக்கக் கதவு இரண்டையும் துணிப் பட்டையால் கீல் வையுங்கள். அட்டையை மடித்துக் கீலாக்கினால் சில நாளில் கிழியும், துணி கிழியாது. உள்ளே மூன்று தட்டு. தீப்பெட்டியின் உள்பெட்டி இழுப்பறையாகும், முன்னால் ஒரு சிறு மணி கைப்பிடியாகும். கதவுக் கைப்பிடிக்கு ஸ்டேப்ளர் ஊசியைச் செருகி, கூர்முனையை உட்புறம் மடித்து அதன் மேல் அட்டை ஒட்டுங்கள். கண்ணாடிக்குப் பத்திரிகையின் வெள்ளித் தாள் போதும்.

*ஊ. தூளியும் திரைச்சீலையும்*

இரண்டுக்கும் கஞ்சி. சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

தூளிக்கு நூறாம் நம்பர் வேட்டியில் எட்டுக்கு ஐந்து அங்குலத் துண்டு. இரு முனையையும் கூட்டிக் கட்டி, உத்தரக் குச்சியில் தொங்கவிடுங்கள். கஞ்சியில் நனைத்து, நடுவில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு நட்டு வைத்துக் காய விடுங்கள். மறுநாள் நட்டை எடுத்தால் பிள்ளை படுத்த பள்ளம் அப்படியே இருக்கும். வாய் அகலமாக நிற்க மேலே சிறு ஈர்க்கைக் குறுக்கே வையுங்கள். நிஜத் தூளியில் வைக்கும் கட்டைக்குப் பதில் அது.

திரைச்சீலைக்குத் துணியின் அகலம் சன்னலைப்போல் இரண்டரை மடங்கு. பிளாஸ்டிக் உறை சுற்றிய தெர்மாகோலில் மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்தி, கஞ்சியைத் தெளித்து நிழலில் காய வையுங்கள். பருத்தித் துணி என்றால் மட்டுமே இது பிடிக்கும். பாலியஸ்டர் கஞ்சியை ஏற்பதில்லை. கஞ்சி போட்டவற்றைக் கரப்பான் எட்டாத மூடிய டப்பாவில் வையுங்கள்.

6. சரியாக வராவிட்டால்

- *கட்டில் ஆடுகிறது:* சமதளத்தில் உப்புத்தாளை விரித்து, கட்டிலை நிமிர்த்தி வைத்து மெல்லத் தேயுங்கள். நீண்ட கால் தானாகக் குறையும்.
- *சோபா பெரிதாகத் தெரிகிறது:* அளவு தவறியிருக்காது; துணியின் பூவோ திண்டின் உப்பலோ காரணம். திண்டுப் பஞ்சில் பாதியை எடுத்துப் பாருங்கள்.
- *சாயம் ஒட்டுகிறது:* சுங்குடியை வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் உப்புத் தண்ணீரில் அலசுங்கள். வருவது நிற்கும்வரை அலசுங்கள்.
- *அட்டை வளைகிறது:* ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டினால் காயும்போது அந்தப் பக்கம் இழுக்கும். மறுபக்கம் ஒரு தாளாவது ஒட்டுங்கள்.

7. யாருக்குக் கொடுக்கலாம்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் சாமான்கள் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். மணி, பட்டன், மணல் தலையணை எல்லாமே வாய்க்குள் போகிற அளவு. குண்டூசியை எந்தச் சாமானிலும் நிரந்தரமாக விடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளோடு செய்தால் வேலையைப் பிரியுங்கள். கத்தியும் அறுப்பும் பெரியவர் கையில். அளப்பது, துணி தேர்வது, பின்னுவது பிள்ளைகள் கையில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் கரும்பலகையில் புரிவதைவிட ஒரு கட்டிலை அளந்து வெட்டும்போது சீக்கிரம் புரியும்.

விற்க நினைப்பவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தரநிலை முத்திரை கட்டாயம். கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவுசெய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. முதல் சந்தைக்குப் போகுமுன் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள். கொலு அலங்காரத்துக்கு மட்டும் செய்து விற்பவர்கள், அது விளையாட்டுப் பொருள் அல்ல என்று சீட்டு எழுதி ஒட்டுவது வாங்குகிறவருக்கும் உதவும்.

விலை வைக்கும்போது பொருளுக்குக் காசு இல்லை என்று நேரத்தையும் இலவசமாக்கிவிடாதீர்கள். கயிற்றுக் கட்டிலின் பின்னலுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்து, உங்கள் ஊரில் டெய்லருக்கு அந்த நேரத்துக்கு என்ன கூலி கிடைக்கிறதோ அதையே உங்களுக்கும் போடுங்கள். வெட்டுத்துணி கொடுத்த டெய்லர் அண்ணனுக்கு முதல் தலையணையை இலவசமாகக் கொடுக்கலாம். அடுத்த முறை நல்ல துண்டாகவே எடுத்து வைப்பார்.